சனிக்கிழமைக் கட்டும் வியாழக்கிழமைத் திரையும்

"பச்சைத் துணி!" என்று கூவினார் கோமதி மாமி. பிரித்த வார இதழை ஒரு கையிலும், கிழித்த காகிதச் சீட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பொட்டிக்குள்ள கல்யாண போட்டோ இருக்கும்னு எழுதினது சரி. அது பச்சைத் துணியில சுத்தியிருக்கும்னு எப்படி எழுதினார்? ஷொர்பொநாஷ்!"

முப்பது ஆண்டுகள் கல்கத்தாவில் வாழ்ந்த தமிழர்க்கு வியப்பும் திகிலும் ஒருசேர வரும்போது தாய்மொழி உதவிக்கு வராது. 'எல்லாம் போச்சு' என்று பொருள்படும் அந்த வங்கச் சொல்தான் முந்திக்கொள்ளும்.

கடையில் நின்ற பதினைந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூரையிலிருந்து தொங்கிய வாழைத்தாரைப் பார்த்தேன். அடக்கம் காட்ட வேண்டிய வேளைகளில் பார்ப்பதற்கென்று உயரத்தில் ஒரு பொருள் இருப்பது நல்லது.

லேக் மார்க்கெட்டில் பூக்கடைகள் முடிந்து காய்கறிக் கடைகள் தொடங்கும் திருப்பத்தில் இருந்தது அந்தக் கடை. உரிமையாளர் சங்கரலிங்கம், அம்பாசமுத்திரத்துப் பக்கத்தவர். எங்களுக்கு அண்ணாச்சி, வங்காளிகளுக்கு 'லிங்கோ-தா'. அப்பளம், பெருங்காயம், திருநீறு, வாழையிலை, சாம்பார் வெங்காயம் ஆகியவற்றோடு தமிழ் வார இதழ் ஒன்றையும் விற்றார். தென்கல்கத்தாவில் இத்தனையும் ஒரே கூரையின்கீழ்க் கிடைத்த இடம் அது ஒன்றே என்று எழுதினால் பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றே என்று திருத்திக்கொள்கிறேன்.

அந்த வார இதழின் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்த இதழ் அன்று என்பதை மட்டும் ஆசிரியரின் மன அமைதிக்காகக் குறித்துவைக்கிறேன்.

அன்று மாலை அந்தக் கடையில் என்னை ஒருமனதாகத் தீர்க்கதரிசி என்று அறிவித்தார்கள். நான் செய்திருந்தது கலப்படமற்ற மோசடி.

ஊறுகாய் ஜாடி

அந்த இதழ் சென்னையில் வியாழக்கிழமை வெளியாகும். கட்டு ரயிலேறி, கோதாவரியையும் மகாநதியையும் தாண்டி, ஹவுராவில் இறங்கி, அண்ணாச்சியின் கடைக்கு வந்து சேரச் சனிக்கிழமை மாலை ஆகிவிடும். ஈரச் சணலும் அச்சு மையும் கலந்த மணம் அதற்கு உண்டு. கூடவே வரும் வெங்காய மூட்டையின் மணமும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வட்டத்தில் வெங்காயம் மணக்காத இலக்கியத்தை எவரும் நம்பியதில்லை.

கட்டு வந்ததும் அவிழ்க்க மாட்டார் அண்ணாச்சி. அது கடையின் சட்டம். வந்திருப்பவர் ஒவ்வொருவரும் அந்த வாரத் தொடர்கதையில் என்ன நடக்கப்போகிறது என்று ஒரு சீட்டில் எழுதி, பெயரிட்டு, காலி ஊறுகாய் ஜாடிக்குள் போட வேண்டும். அதன் பின்னரே சணல் கயிறு அறுபடும். ஆளுக்கொரு பிரதியை வாங்கிக்கொண்டு, வாழையிலைக் கட்டுகளுக்கிடையே நின்றபடியே படிப்பார்கள். கூச்சலுக்குப் பேர்போன அந்தச் சந்தையில் பத்து நிமிட மௌனம். பிறகு ஜாடி கவிழும்.

சரியாகச் சொன்னவருக்குப் பரிசு, வெங்காய மூட்டையில் 'முதல் கை'. அதாவது, மூட்டையைப் பிரித்தவுடன் மற்றவர்களுக்கு முன்னால் கைவிட்டுப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை. கல்கத்தாவில் சாம்பார் வெங்காயத்தின் அருமை தெரியாதவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்.

தொடர்கதையின் நாயகி வைதேகி. கணவன் கப்பல் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. கடிதம் மட்டும் வரும். கீழ்வீட்டில் வைதேகியும் மாமியாரும். மாடியில் புதிதாக ஒரு குடித்தனக்காரர். அவரிடம் பூட்டிய பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியைத் திறக்காமலேயே எழுத்தாளர் ஐந்து மாதங்களைக் கடத்தினார்.

துறைமுகத்தில் எழுத்தராக இருந்த வேணுகோபால் வாரந்தோறும் 'கப்பல் வரும்' என்று எழுதிப் போடுவார். கப்பல் வராவிட்டால் அவருக்கு அது அலுவலக அவமானம். கோமதி மாமி வாரந்தோறும் 'மாமியார் நல்லவள் என்று தெரியவரும்' என்று எழுதுவார். அவருக்கு இரண்டு மருமகள்கள்.

நான் மூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் வென்றதில்லை. கதை எப்படிப் போக வேண்டும் என்று எழுதினேனே தவிர, எப்படிப் போகும் என்று எழுதியதில்லை. "சார்வாள் எழுதுதது நல்லாத்தான் இருக்கு. ஆனா கதைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று என் சீட்டைப் படித்துவிட்டு அண்ணாச்சி சொல்வார். அரசாங்கக் கோப்புகளில் முப்பதாண்டுகள் பிழை திருத்திய ஒருவனுக்கு இது சிறிய காயமன்று.

வியாழன் விடியல்

புதிய நூற்றாண்டு பிறந்த சமயம் எங்கள் டாக்குரியா வீட்டுக்குக் கணிப்பொறி வந்தது. மகள் நந்தினியின் கல்லூரிப் படிப்புக்காக என்பது அதிகாரபூர்வமான காரணம். தொலைபேசிக் கம்பியின் வழியே இணையத்தைப் பிடிக்க வேண்டும். பிடிபடும்வரை அந்தக் கருவி, கொதிக்கும் எண்ணெயில் தகரத்தைப் போட்டாற்போல் ஓலமிடும். மழைக்காலத்தில் கம்பிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் அந்த ஓலமும் இல்லை.

எங்கள் வார இதழ் இணையத்திலும் வருகிறது என்று கண்டுபிடித்தவள் நந்தினிதான். முதல் நாள் திரையில் வந்தது தமிழன்று. கட்டங்களும் கேள்விக்குறிகளும் தலைக்குமேல் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் அணிவகுத்து நின்றன. அக்காலத்தில் ஒவ்வோர் இதழுக்கும் தனித்தனி எழுத்துரு. அதைத் தேடி இறக்கிக் கணிப்பொறிக்குள் நிறுவாதவருக்கு ஓர் அட்சரமும் தெரியாது.

"அப்பா, ஃபான்ட் போட்டாச்சு. இப்போ படிங்க" என்றாள் அடுத்த வியாழக்கிழமை.

விடியற்காலை. பக்கத்து வீட்டில் சங்கு ஊதினார்கள். ரயில் பாதைப் பக்கமிருந்து மீன்காரனின் முதல் குரல். திரையில் வைதேகி மெல்ல, வரிவரியாக, மேலிருந்து கீழே இறங்கினாள். மாடிக்காரரின் பெட்டி திறந்தது. உள்ளே பச்சைத் துணியில் சுற்றிய படம்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இந்தச் செய்தியை அறிந்த மனிதன் கல்கத்தா மாநகரில் நான் ஒருவனே! அடுத்த கணம், அதனாலேயே அது ஒன்றுக்கும் உதவாது என்பதும் தெரிந்தது. யாரிடம் சொல்வது? மனைவி தொடர்கதை படிப்பதில்லை. நந்தினிக்கு வங்க எழுத்துத்தான் சரளம். சனிக்கிழமை வரைக்கும் அந்தப் பெட்டியை நெஞ்சில் சுமந்துகொண்டு அலுவலகம் போய்வந்தேன்.

சனிக்கிழமை சீட்டைக் கையில் எடுத்தபோது, படம் இருக்கும் என்று மட்டும் எழுதத்தான் நினைத்தேன். பேனா நிற்கவில்லை. துல்லியமின்மை எனக்கு என்றுமே ஆகாது. பச்சைத் துணியையும் சேர்த்துவிட்டேன்.

முதல் கை வெங்காயத்தோடு வீட்டுக்குத் திரும்பிய என்னை நந்தினி ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது டுக்லி அப்பா!"

தேர்வறையில் அடுத்தவன் விடையைப் பார்த்து எழுதுவதற்குக் கல்கத்தா மாணவர்கள் இட்ட பெயர் அது.

"நான் ஒன்றையும் பார்த்து எழுதவில்லையே. நினைவிலிருந்துதான் எழுதினேன்."

"தூர்!" என்று வங்கத்தில் சலித்துக்கொண்டாள். "அது இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தாள். மோசடியில் வந்த வெங்காயத்துக்கும் கண்ணில் நீர் வரத்தான் செய்தது.

அமெரிக்கத் தேங்காய்

இங்கே சற்று விலகிச் செல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். சென்ற வாரம் டாக்குரியாவில் வீடு தேடி அலைந்த கதையை எழுதியிருந்தேன். 'இணையம் வந்தபின் இந்த அலைச்சலெல்லாம் ஒழிந்ததல்லவா, கடையென்றும் தரகரென்றும் இனி எதற்கு?' என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவருக்கு ஒரு பொங்கல் நாளைச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்த என் அக்காள் மகன் எங்களுக்குப் பொங்கல் சீர் அனுப்பியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னான். ஏதோ ஓர் இணையக் கடையில் படத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினானாம். கரும்பு, மஞ்சள் கொத்து, தேங்காய் எல்லாம் வீடு தேடி வருமாம். கடல் கடந்து கரும்பு எப்படி வரும் என்று நாங்கள் வியந்துகொண்டிருந்தோம்.

வாசலில் மிதிவண்டி மணி கேட்டது. அண்ணாச்சி நின்றார், தோளில் கரும்போடு.

"அமெரிக்காவுல இருந்து பார்சல் வந்திருக்கு சார்வாள். கையெழுத்துப் போடும்."

"அண்ணாச்சி, காலையில் உங்கள் கடையில் நான் வாங்கிய தேங்காய் அல்லவா இது?"

"அதே சாக்குதான். ஆனா உம்ம தேங்காய் நடந்து வந்துச்சு. இது சமுத்திரம் தாண்டி வந்திருக்கு. மரியாதையா வாங்கிக்கிடும்."

இணையக் கடைக்காரர் பம்பாயிலோ எங்கோ இருந்தார். அவருக்குக் கல்கத்தாவில் கரும்பு கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் அண்ணாச்சி. வாசகியின் கேள்விக்கு என் விடை இவ்வளவே: பொத்தானை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்; தேங்காய் மட்டும் எங்காவது ஒரு சாக்கில் இருந்தாக வேண்டும்.

கதைக்குத் திரும்புகிறேன்.

முப்பத்தாறு

பச்சைத் துணிக்குப் பிறகு என் வாழ்க்கை மாறியது. அடுத்த வாரமும் வென்றேன், அதற்கடுத்த வாரமும். ஏரிக்கரையில் காலை நடைபோகும்போது எதிர்ப்படுபவர்கள், "சார், வைதேகிக்கு லெட்டர் போட்டது யார்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை மாலை பேருந்தில் எனக்கு இடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, மாடிக்காரரைப் பற்றி விசாரித்தார்கள். நான் கண்ணை மூடி, சற்று மூச்சை இழுத்து, ஊகிப்பவன்போல் பாவனை செய்து, அத்தியாயம் முழுவதையும் சொல்லிவிடுவேன். வியாழன் விடியலிலிருந்து அடக்கிவைத்தது; வெளியேறினால்தான் உடம்புக்கு நல்லது.

இதன் விளைவு எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும். ஒரு புதன்கிழமை மாலை பெருங்காயம் வாங்கப் போனேன். அண்ணாச்சி என்னை உள்ளே அழைத்து, அரிசி மூட்டையின்மேல் உட்காரச் சொன்னார். அருகே விற்காத வார இதழ்கள் ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"இது என்ன தெரியுதா சார்வாள்?"

"பழைய இதழ்கள்."

"போன மூணு வாரத்துது. அம்பது எடுத்தேன். போன வாரம் போனது முப்பத்தாறு. நாப்பதுக்குக் கொறஞ்சா மெட்ராஸ் ஏஜெண்டு ரயில்ல தனிக்கட்டு போட மாட்டான். தபால்லதான் அனுப்புவான். பத்து நாள் கழிச்சு, பாதி கிழிஞ்சு வரும். எவன் வாங்குவான்?"

"ஏன் குறைந்தது?" என்று கேட்டேன்.

"நீரு இருக்கையில பொஸ்தகம் எதுக்குவே? வெள்ளிக்கிழமையே கதையக் கேட்டுட்டுப் போயிருதாவ. சீட்டு எழுதவும் ஆள் வரல்ல. எழுதினா மட்டும் செயிக்கவா போறாவ?"

பெருங்காயத்தைப் பொட்டலம் கட்டினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கம்ப்யூட்டர்லதானே படிக்கீரு?"

நான் கூரையைப் பார்த்தேன். வாழைத்தார் விற்றுப்போயிருந்தது.

"எப்போது தெரிந்தது?"

"பச்சைத் துணி அன்னைக்கே. அருள்வாக்கு சொல்லுத சாமிக்கும் துணி கலர் தெரியாதுவே."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"மொத ரெண்டு வாரம் உம்மப் பாக்கவே கூட்டம் வந்துச்சு. யாவாரத்துக்கு நல்லதுன்னு கம்முனு இருந்தேன். இப்ப எனக்கே பள்ளம் தோண்டிட்டீரு."

மோசடியில் எனக்கு ஒரு பங்காளி இருந்திருக்கிறார் என்பது சற்று ஆறுதலாக இருந்தது. எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நல்லாச் சொல்லும்! அம்புட்டுப் பேரும் உம்ம வீட்டு வாசல்ல கம்ப்யூட்டர் பாக்க நிப்பாவ. எங்கடையில ஈ ஓட்டணும்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்துக் காட்டினார். கட்டை நிறுத்திவிடும்படி முகவருக்கு எழுதியது. தேதி மட்டும் போடவில்லை. "சனிக்கிழமை கடைசி அத்தியாயம். நாப்பது போச்சுன்னா கிழிச்சுப் போட்டுருதேன். போகல்லன்னா தபால்பெட்டியில போட்டுட்டு அப்பளத்த மட்டும் பாத்துக்கிடுதேன். நீரு ஒண்ணே ஒண்ணு பண்ணும். வாயத் தொறக்காதேயும்."

ஒப்புக்கொண்டேன். மறுநாள் விடியலில் வழக்கம்போல் கணிப்பொறியை முடுக்கிக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். வாயைத் திறக்காதே என்றுதான் சொன்னார். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வராத கட்டு

அந்த வாரம் ஆந்திரக் கரையில் புயல். சனிக்கிழமை மாலை லேக் மார்க்கெட்டில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடைசி அத்தியாயம் என்பதால், வருவதை நிறுத்தியிருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள். குடைகளின் நீர் வாழையிலையில் சொட்டியது. கட்டு மட்டும் வரவில்லை.

அண்ணாச்சி, ஹவுராவுக்கு முன்னாலுள்ள சாந்த்ராகாச்சி ரயில் முற்றத்திலிருந்த தம் ஊர்க்காரரைத் தொலைபேசியில் பிடித்தார். கேட்டுவிட்டு ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"வண்டி ஒரிசாவையே தாண்டல்லியாம். திங்கக்கிழமைதான்."

கூட்டம் முனகியது. பிறகு, எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பின. என் திசையில்.

"சார், நீங்க சொல்லிடுங்கோ" என்றார் கோமதி மாமி. "திங்கக்கிழமை வரைக்கும் யார் காத்திண்டிருப்பா? ஒரு வாரமா ராத்திரி தூக்கமில்லை."

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சுத்தமான தட்டை அவ்வளவு அழுத்தித் துடைத்து நான் கண்டதில்லை.

"இந்த வாரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்றேன்.

"பரவாயில்ல சார்" என்றார் வேணுகோபால். "எங்க ஆபீஸ்ல பேசிக்கிறாங்க, புக்கெல்லாம் இன்டர்நெட்லயே வந்துடுதாம். ரோட்டுக்கு அந்தாண்ட சைபர் கஃபே இருக்கு. நான் போய்ப் படிச்சுட்டு வந்து எல்லாருக்கும் சொல்லிடறேன்."

குடையை விரித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அடுத்த கால் மணி நேரத்தில் அண்ணாச்சியின் முகம் உளுந்தின் நிறத்திலிருந்து அதன் தோலின் நிறத்துக்கு மாறியது. வேணுகோபால் படித்துவிட்டால் இன்றோடு கட்டும் போயிற்று, என் மானமும் போயிற்று. நான் முற்றல் பார்ப்பவன்போல் தேங்காய்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

வேணுகோபால் நனைந்து திரும்பினார். முகத்தில் கோபம்.

"எல்லாம் ஏமாத்து சார்! கட்டம் கட்டமா வருது. நடுவுல கொம்பு வெச்ச ஏ, பி, சி, டி. ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்ல. இதுக்கா காசு வாங்கறான்?"

"அப்படியா!" என்றேன். அந்த ஒற்றைச் சொல்லில் நான் காட்டிய வியப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். எழுத்துருவை நிறுவ ஐந்து நிமிடம் போதும் என்பதை அங்கிருந்தவர்களில் அறிந்தவன் நான் ஒருவன்.

"அந்த மெஷின் கிடக்கட்டும்" என்று மாமி என் முன்னால் வந்து நின்றார். "நீங்க சொல்லாம இங்கேருந்து நகர விடமாட்டேன்."

வழி மறிபட்டது. உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை எவரும் வரமாட்டார்கள். பேசாமலிருந்தால் வீட்டுக்குப் போக முடியாது. அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. யாருக்கு எது பிடித்தமோ அதைத் தேடித் தேடி அழிப்பது.

கண்ணை மூடினேன். மூச்சை இழுத்தேன்.

"கப்பல் வராது" என்றேன்.

"என்ன சார்?" என்றார் வேணுகோபால்.

"ஐந்து மாதத்துக்கு முன்பே மூழ்கிவிட்டது. கணவன் இல்லை. அந்தச் செய்தி வந்த நாளில் வைதேகி கோயிலுக்குப் போயிருந்தாள். மாமியார் மட்டும் வீட்டில் இருந்தாள். தந்தியை அடுப்பில் போட்டாள். அன்றிரவு முதல் மகன் எழுதுவதுபோல் மருமகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள்."

யாரும் குடையை உதறவில்லை.

"மாடிக்காரர் அந்தக் கப்பலில் தப்பிப் பிழைத்தவர். உண்மையைச் சொல்ல வந்தவர். கடைசி நாள் காலை, சொல்லிவிடுவது என்று கீழே இறங்கி வருகிறார். மாமியார் அவரை உட்காரவைத்து ஒரு தம்ளர் பாயசம் கொடுக்கிறாள்."

"பாயசத்துல?" என்றார் மாமி.

"அதில் என்ன இருந்தது என்று அவர் எழுந்திருந்தால் சொல்லியிருப்பார்."

கடை வெடித்தது.

"இருக்கவே இருக்காது!" என்று கத்தினார் மாமி. "அந்த மாமியார் அப்படிப்பட்டவ இல்லை! அஞ்சு மாசமாப் படிக்கறேன், எனக்குத் தெரியாதா? சார், இந்தத் தடவை உங்க வாக்கு பொய். பாருங்கோ!"

"கப்பல் எப்படி மூழ்கும்? பேப்பர்ல வராம மூழ்கிடுமா?" என்றார் வேணுகோபால்.

"மூழ்கினா என்னய்யா? உங்க துறைமுகத்துக்கா வரப்போவுது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் நான் இதுவரை தவறியதில்லை என்றார்கள். பாதிப் பேர் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்றார்கள். எல்லோரும் திங்கட்கிழமை வந்து தாங்களே கண்ணால் பார்ப்பதாகச் சபதம் செய்துவிட்டுத் தூறலில் கலைந்தார்கள்.

அண்ணாச்சி தராசை இறக்கி வைத்தார். "பாயசம் நல்லா இருந்துச்சுவே" என்றார்.

திங்கட்கிழமை

வண்டி ஞாயிறு முழுவதும் சாந்த்ராகாச்சியில் நின்றுவிட்டு, திங்கள் காலைதான் ஹவுராவுக்குள் நுழைந்தது. நான் அலுவலகம் முடிந்து கடைக்குப் போய்ச் சேர மணி ஆறாகிவிட்டது. சணல் கயிறு அறுந்து கிடந்தது. கூட்டம் நின்றுகொண்டே படித்து முடித்து, பேசிக்கொண்டும் இருந்தது.

"கப்பல் வந்துடுச்சு சார்!" என்று வேணுகோபால் இதழை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "அஞ்சு மாசமா எழுதினேன். கடைசியில எந்தக் கப்பல்? என் கப்பல்!"

பாராட்டினேன். வைதேகியின் கணவன் திரும்பி வந்துவிட்டான், மாமியார் உத்தமி, மாடிக்காரர் கப்பல் நிறுவனத்தின் அதிகாரி, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வியாழக்கிழமையே எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனால், அன்று அந்தத் திரையில் அதைப் படித்தபோது எவரும் என் தோளில் தட்டி, "தோத்துட்டீங்க சார்!" என்று இப்படிக் களித்ததில்லை. நானும் முதன்முறையாகக் கேட்பவன்போல் உண்மையாகவே தோற்றேன்.

அண்ணாச்சியிடம் கையை நீட்டினேன்.

"எனக்கு ஒரு பிரதி."

"இல்ல."

"இல்லையென்றால்?"

"அம்பதும் போச்சு. பேஹாலாவில இருந்துகூட ஆள் வந்துச்சு, பாயசத்துல என்ன இருந்துச்சுன்னு பாக்க." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அஞ்சலட்டை அங்கே இல்லை. "உமக்கு எதுக்குவே? நீருதான் வெயாழக்கெழமையே தின்னுட்டீரே."

முகவர் அனுப்பிய கட்டில் ஒரு பிரதிகூட எனக்கென்று மிஞ்சாத முதல் வாரம் அது. என் தவற்றுக்குக் கிடைத்த தண்டனை என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன். கோமதி மாமி வழியில் நின்றார். வெற்றி பெற்றவரின் முகமாக அது இல்லை.

"நான் சொன்னபடியே முடிஞ்சிருக்கு" என்றார்.

"ஆம் மாமி. மாமியார் நல்லவள்."

"நல்லவள்தான்." இதழைப் புரட்டினார், மூடினார். "ஆனா சார், சப்புனு இருக்கு. ரெண்டு நாளா அந்தக் கெழவி அடுப்படியில உக்காந்து மகன் கையெழுத்தைப் போட்டுப் பழகறா மாதிரியே கண்ணுல நிக்கறது. தந்தியை எரிச்ச கையால சாதம் போட்டிருப்பாளே. அதை நினைச்சு நேத்திக்கு அழுதுட்டேன். இவர் என்னடான்னா, எல்லாரும் கூட்டு, பொரியல் சாப்பிட்டாங்கன்னு முடிக்கறார்!"

மூன்று ஆண்டுகளாக என் சீட்டுகளுக்குக் கிடைக்காத மதிப்புரை அது.

மாமி கடைசிப் பக்கத்தைப் பிரித்து, வெங்காய மூட்டையின்மேல் விரித்தார். 'முற்றும்' என்ற சொல்லுக்குக் கீழே நான்கு விரற்கடை வெற்றிடம் இருந்தது.

"இங்கே எழுதிக் குடுங்கோ. உங்க முடிவை."

"அச்சிட்டதன்மேலா? அது முறையில்லையே மாமி."

"என் புஸ்தகம். காசு குடுத்து வாங்கியிருக்கேன். எழுதுங்கோ."

பேனாவை எடுத்தேன். தாள் சற்று ஈரமாக இருந்தது. மை இலேசாகப் பரவியது. அடுப்பையும் தந்தியையும் கடிதங்களையும் எழுதினேன். பாயசத்துக்கு வந்தபோது நிறுத்தி, வெள்ளித் தம்ளர் என்று சேர்த்தேன். கீழே கையொப்பமும் கேட்டார், இட்டேன்.

நிமிர்ந்தபோது எனக்குப் பின்னால் வரிசை நின்றது.

"இன்னும் ஏழெட்டுப் பேர் கேக்காவ" என்றார் அண்ணாச்சி. "மையி இருக்கா?"

அடுத்தவர் வேணுகோபால். வாய் முழுக்கக் கப்பலின் வெற்றியைப் பேசிக்கொண்டே, மூழ்கிய கப்பலை எழுதிக்கொடுக்கும்படி பக்கத்தை நீட்டினார். எழுதத் தொடங்கினேன். பாதி வரியில் ஒன்று தோன்றியது. அவருடைய பிரதியில் மாமியார் தந்தியை அடுப்பில் போடவில்லை. தலையணைக்குள் வைத்துத் தைத்தாள். மூன்றாம் பிரதியில் மாடிக்காரர் பாயசத்தை வாங்கிக் கையில் வைத்திருந்தாரே தவிர, குடித்தாரா என்று சொல்லவில்லை. நான்காவதில் வைதேகிக்கு முதல் கடிதத்திலேயே எல்லாம் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகப் படித்தார்.

"என்னவே, ஆளுக்கொண்ணா எழுதுதீரு? சனிக்கெழம எல்லாரும் ஒண்ணாச் சேந்து வெச்சுப் பாத்தாவன்னா சண்டை வருமே!"

"வரட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது பிரதியை வாங்கினேன்.